கோபால் சார் சொன்ன ‘ஹை’

1. சிவப்பு டேக்

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எத்தனையோ பொருளுக்குச் சிவப்பு டேக் கட்டியிருக்கிறேன். பிராக்கெட், புஷ், வாஷர், ஒரு தடவை லாரியோடு ஒரு லோடு ஷீட். மனுஷனுக்குக் கட்டியது ஒரே ஒரு முறைதான். அவன் பெயர் யேசுதாஸ். அன்றைக்குச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டேக் கட்டப்பட்டவன் மட்டும் சிரிக்கவில்லை.

குவாலிட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

எங்களுடையது அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வண்டிகளுக்கு பிரஸ் பார்ட் செய்து கொடுக்கும் கம்பெனி. நான் அங்கே சீனியர் இன்ஸ்பெக்டர். என் பெயர் கஜேந்திரன். கையில் எப்போதும் ஏதாவது ஒரு கேஜ், அதாவது அளவுக் கருவி, இருக்கும் என்பதால் ஷாப்பில் எல்லோருக்கும் நான் ‘கேஜேந்திரன்’. முதலில் கோபம் வந்தது. பிறகு ஆயுத பூஜைக்கு அடித்த பேனரிலேயே அப்படிப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கோபப்பட்டு என்ன செய்வது?

நான் ரிட்டயர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால் ஒரு ஜப்பான் கம்பெனி எங்களோடு கூட்டுச் சேர்ந்தது. ஜப்பானிலிருந்து ஒரு எம்.டி. வந்து இறங்கினார். கொபாயாஷி என்று பெயர். ஒரே வாரத்தில் அவரை ‘கோபால் சார்’ ஆக்கிவிட்டார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஆங்கிலம் அவருக்கும் கொஞ்சம்தான், எங்களுக்கும் கொஞ்சம்தான். நந்தினி என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவாள். மற்ற நாட்களில் ஆண்டவன் விட்ட வழி.

வந்த முதல் வாரமே கோபால் சார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ‘என்.ஜி.’, அதாவது ‘நோ குட்’, என்ற இரண்டெழுத்து. நல்ல பீஸுக்குப் பச்சை டேக், ஓ.கே. கெட்ட பீஸுக்கு நாங்கள் எப்போதும் கட்டுகிற சிவப்பு டேக்கில் இனி என்.ஜி. ஒருமுறை என்.ஜி. என்று எழுதினால் எழுதியதுதான். எழுதிய இன்ஸ்பெக்டரே தன் தவறு என்று கையெழுத்துப் போட்டாலொழிய, எம்.டி.யே வந்து கேட்டாலும் அந்தப் பீஸ் நகராது. எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு விதியே போதும்.

2. பிச்சா

யேசுதாஸ் ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். முத்தாபுதுப்பேட்டையில் வீடு. ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். எங்கள் கம்பெனியில் ரோல் நம்பர் உள்ள நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே நூலால் பெயர் தைத்திருக்கும். ஆவடி பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. முதுகில் கொட்டை எழுத்தில் ‘கான்ட்ராக்ட்’ என்று அச்சடித்திருக்கும். பெயர் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

யேசுதாஸின் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிப்பாளாம். ஒருநாள் டீ டைமில் என்னிடம் சொன்னான்.

“நேத்து ஊட்ல சட்டைய காயப் போட்டுகினு இருந்தேன் சார். பின்னாடி நின்னு படிச்சிட்டு, ‘அப்பா, ஒன் பேரு கான்ட்ராக்ட்டா?’ன்றா. இன்னா சொல்றது சொல்லுங்க. ஆமாம்மா, ஒங்க தாத்தா வெச்ச பேருன்னு சொல்ட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவனிடம் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. பிரஸ்ஸிலிருந்து விழும் வெட்டுத் துண்டை எடுத்துப்போய் ஸ்கிராப் தொட்டியில் போட வேண்டும் என்பது விதி. இவன் நின்ற இடத்திலிருந்தே வீசுவான். பதினைந்தடி தள்ளி இருக்கும் தொட்டியில், திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘டங்’ என்று போய் விழும். இரண்டு முறை மெமோ கொடுத்தேன். இரண்டாவது மெமோவைக் கசக்கித் தொட்டியில் வீசினான். அதுவும் சரியாக விழுந்தது.

ஒரு நாள் கோபால் சார் ரவுண்ட்ஸ் வரும்போது அவன் அப்படி வீசிவிட்டான். தொலைந்தான் என்று நினைத்தேன். கோபால் சார் அப்படியே நின்றார். மறுபடி வீசு என்று கையால் காட்டினார். ‘டங்’. இன்னொரு முறை. ‘டங்’. அவர் முகம் மலர்ந்துவிட்டது. யேசுதாஸை நோக்கி விரலை நீட்டி, “பிச்சா! பிச்சா!” என்று கத்தினார்.

அவர் போனதும் யேசுதாஸ் என்னிடம் ஓடி வந்தான்.

“இன்னா சார் இது, நம்மளப் பாத்து பிச்சைன்றாரு? கான்ட்ராக்ட்டுன்னா அவ்ளோ எளக்காரமா பூட்ச்சா?”

“வீசினதுக்கு மூணாவது மெமோ வந்திருக்கணும், தப்பிச்ச. பேசாமப் போய் வேலையைப் பாருப்பா” என்றேன்.

செவ்வாய்க்கிழமை நந்தினி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜப்பான்காரர்களுக்கு பேஸ்பால் என்றால் உயிர். அதில் பந்து வீசுகிறவனுக்கு ‘பிச்சர்’ என்று பெயர். அவர்கள் வாயில் அது ‘பிச்சா’. பக்கத்தில் இன்னொரு ஜப்பான் கூட்டுக் கம்பெனி டீம் வைத்திருக்கிறது, நமக்கும் ஒன்று வேண்டும், அடுத்த மாதம் அவர்களோடு மேட்ச் என்று கோபால் சார் முடிவு செய்துவிட்டார்.

ஒரே ஒரு கண்டிஷன். மேட்ச் ஆடுகிற ஒன்பது பேரும் ரோல் நம்பர் உள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்த வருஷம் ஒரு ரோல் நம்பர் காலி இருந்தது. யேசுதாஸ் பிச்சர் ஆனால் அது அவனுக்கு. ஷாப் முழுக்க அன்று மாலைக்குள் அந்தச் செய்தி பரவிவிட்டது. யேசுதாஸ் வெட்டுத் துண்டை வழக்கத்தைவிட ஐந்தடி தள்ளி நின்று வீசினான்.

3. புதன்கிழமை மீட்டிங்

ஹெச்.ஆர். மேனேஜர் பத்மநாபனுக்கு இது பிடிக்கவில்லை. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ரோல் நம்பரைத் தன் சொந்த நிலம் மாதிரி நினைத்துக் காவல் காப்பவர், அவ்வளவுதான்.

மறுநாள் புதன்கிழமை. நந்தினி இல்லாத நாள். பத்மநாபன் மீட்டிங்கைக் கூட்டினார். நானும் இருந்தேன்.

“சார், கிரிக்கெட்லயே பாருங்க, ஃபாஸ்ட் பவுலர் எல்லாம் பனைமரம் மாதிரி இருப்பான். பிச்சர்னா ஒயரமா இருக்க வேண்டாமா?” என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார்.

கோபால் சார் தலையை ஆட்டினார். “ஹை.”

“நம்ம ஸ்டோர்ஸ் ராஜசேகர் இருக்கார். நல்ல ஒயரம். ஏற்கெனவே ரோல்ல இருக்கார்.”

“ஹை, ஹை.”

“அந்த பிரஸ் ஷாப் பையன் ரொம்பக் குள்ளம் சார்.”

கோபால் சார் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாகத் தலையாட்டினார். “ஹை! ஹை!”

பத்மநாபன் வெற்றிப் புன்னகையோடு என்னைப் பார்த்தார். “கேட்டீங்களா கஜேந்திரன்? ஹை வேணுமாம். ஒரு தரம் இல்ல, அஞ்சு தரம் சொல்லிட்டார். எவ்வளவு ஹைன்னு நீங்க ஸ்பெக் போட்டுக் குடுங்க.”

ஸ்பெக் என்றால் ஒரு பொருள் இந்த அளவில் இருக்க வேண்டும் என்ற எழுத்து; அதைக் கேட்டால் எனக்குள் உற்சாக மணி அடிக்கும். அன்று மாலையே பார்ட் டிராயிங் போடுவது போல ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐட்டம்: பிச்சர். உயரம்: குறைந்தது 1800 மில்லிமீட்டர். ஏன் 1800 என்று யாரும் கேட்கவில்லை. ரவுண்டாக இருந்ததால் போட்டேன்.

4. அளவு எடுத்த நாள்

கேண்டீன் சுவரில் ஸ்டீல் டேப்பை ஒட்டினேன். விருப்பமுள்ளவர்கள் வரிசையில் வரலாம் என்று அறிவிப்பு. ஸ்டோர்ஸ் ராஜசேகருக்கு விருப்பமே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்து திருமுல்லைவாயலில் ஒரு ஃபிளாட்டில் குடியிருப்பவர். பரம சாது. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். 1905.

“சார், எனக்குப் பந்துன்னாலே பயம் சார். பல்பு மாத்தணும்னா என்னைக் கூப்பிடுறீங்க, ஒட்டடை அடிக்கணும்னா என்னைக் கூப்பிடுறீங்க, இப்ப இதுக்குமா? ஒயரமாப் பொறந்தது என் தப்பா சார்?” என்று கெஞ்சினார்.

“ஓ.கே.” என்று பச்சை டேக் எழுதினேன்.

கடைசியாக யேசுதாஸ் வந்தான். சேஃப்டி ஷூ. உள்ளே மூன்று ஜோடி சாக்ஸ். தலைமுடியை ஏதோ ஜெல் போட்டு நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தான்.

“ஷூவைக் கழட்டு.”

“சார், ஷூ போட்டுகினுதான பந்து போடப் போறேன்?”

“கழட்டுப்பா.”

கழற்றினான். ஒவ்வொரு சாக்ஸாக உரித்தேன். ஸ்கேலை வைத்து முடியை அமுக்கினேன். 1575. ஐந்தடி இரண்டு அங்குலம். கேண்டீனே சிரித்தது.

“சார், ஒண்ணு கேக்கட்டா?” என்றான். “பந்து கைலேர்ந்துதான போவுது? நீங்க இன்னா தலைய அளக்கறீங்க?”

நல்ல கேள்வி. என் சர்வீஸில் எவ்வளவோ கஸ்டமர் ஆடிட்டர்கள் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஸ்பெக்ல தலைதான் இருக்கு” என்றேன். பிறகு சிரிக்கிற கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடலாம் என்று சிவப்பு டேக் ஒன்றை எடுத்து, என்.ஜி. என்று எழுதி, அவன் சட்டைப் பித்தானில் கட்டிவிட்டேன். எம்.டி. வைத்த ரிஜிஸ்டரிலும் முறைப்படி ஏற்றினேன். காரணம்: உயரம் குறைவு, 225 மில்லிமீட்டர்.

அவன் அந்த டேக்கோடு ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனான். அன்று வெட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக நடந்துபோய்த் தொட்டியில் போட்டான். ஏழு வருஷத்தில் முதல் முறையாக விதிப்படி நடந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

5. ராஜசேகர் பட்ட பாடு

ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால் காலி இடத்தில் கிரவுண்ட் அமைத்தோம். பிச்சர் நிற்கும் மண்மேட்டை நானே அளந்து போட்டேன். பத்து அங்குல உயரம். மேட்டுக்கும் அடிக்கிறவன் நிற்கும் தகட்டுக்கும் இடையே 18440 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த கிரவுண்டில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

ராஜசேகர் போட்ட முதல் பந்து பாதி வழியிலேயே தரையில் விழுந்து உருண்டது. இரண்டாவது செக்யூரிட்டி கேபின் கதவைத் தட்டியது. செக்யூரிட்டி, “யாரு, உள்ள வாங்க” என்றார். மூன்றாவது பந்து கோபால் சாரின் கார் டயரில் பட்டுத் திரும்பி ராஜசேகரிடமே வந்தது. அவர் குனிந்து தப்பித்துக்கொண்டார்.

ஒரு வாரம் இதே கதி. கோபால் சார் தினமும் சாயங்காலம் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். உள்ளங்கையைத் தரைக்கு நேரே பிடித்து, “லோ... லோ...” என்று முனகுவார். எனக்குப் புரியவில்லை. 1905 மில்லிமீட்டர் மனுஷன் போடுகிற பந்து எப்படி லோ ஆகும்? அளந்தவன் நான். அளவில் தப்பு இருக்காது.

பிறகு தெரிந்துகொண்டேன், கோபால் சாருக்கும் இது குழப்பமாகத்தான் இருந்திருக்கிறது. தான் விரலை நீட்டிக் காட்டிய ஆளை விட்டுவிட்டு ஏன் இவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று. ஆனால் ரிஜிஸ்டரில் என்.ஜி. என்று என் கையெழுத்து இருந்தது. குவாலிட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்மேல் வைத்த மரியாதையில் வாயைத் திறக்கவில்லை.

6. பேக்கிங் பேப்பர்

வியாழக்கிழமை வந்தது. அன்று நான்கு மணிக்குள் ஒன்பது பேரின் லிஸ்ட்டை மேட்ச் நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். பத்மநாபன் லிஸ்ட்டை டைப் செய்து தயாராக வைத்திருந்தார். பிச்சர் என்ற இடத்தில் ராஜசேகர்.

ஷாப்பில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் ஸ்பெக் சரி என்று நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மண்மேட்டுக்கு எட்டடி முன்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, நடுவில் பிரவுன் பேக்கிங் பேப்பரைத் திரை போலக் கட்டினேன். பந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டை எந்த உயரத்தில் விழுகிறதோ அதுதான் பந்து கையை விட்டுக் கிளம்பிய உயரம். லோவா, ஹையா, டேப் சொல்லட்டும்.

எங்கள் தொழிலில் எந்தச் சோதனைக்கும் இரண்டு சாம்பிள் வேண்டும். ஒரு நல்ல பீஸ், ஒரு கெட்ட பீஸ். கெட்டதைக் கெட்டது என்று காட்டினால்தான் சோதனை சரி. ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனேன்.

“யேசுதாஸ், ஒரு அஞ்சு நிமிஷம் வரியா? என்.ஜி. சாம்பிள் ஒண்ணு வேணும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தான். “சாம்பிளா? சர்தான் சார், வரேன். அதுக்காவது லாயக்கா கீறேனே.”

கோபால் சார், நந்தினி, பத்மநாபன், பாதி ஷிஃப்ட் என்று கூட்டம் கூடிவிட்டது. முதலில் ராஜசேகர். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீசினார். ‘பர்ர்’ என்று பேப்பர் கிழிந்தது. டேப் பிடித்தேன். 1240. இருக்க முடியாது என்று இன்னொன்று போடச் சொன்னேன். 1225.

நாலடி. ஆறடி மூன்று அங்குல ஆள் நாலடியிலிருந்து பந்து போடுகிறார்.

மூன்றாவது பந்துக்கு பேப்பரைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். கையை ஓங்கும் கணத்தில் ராஜசேகர் கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, கையைப் பக்கவாட்டில் சுழற்றினார். அந்தக் குனிதலை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பளிச்சென்று ஞாபகம் வந்தது. எங்கள் ஸ்டோர்ஸ் இரண்டடுக்கு. கீழடுக்கில் ஐந்தரை அடி உயரத்தில் ஓர் இரும்பு உத்திரம் குறுக்கே ஓடும். பதினொரு வருஷமாக அந்த மனுஷர் அதற்கு அடியில் குனிந்து குனிந்து சாமான் எடுத்துத் தருகிறார். ‘தலை ஜாக்கிரதை’ என்று அதில் மஞ்சள் கறுப்பு டேப் ஒட்டியவனே நான்தான். உத்திரம் இல்லாத இடத்திலும் அவருக்கு உத்திரம் இருந்தது.

அடுத்து யேசுதாஸ். மேட்டில் ஏறினான். ஒரு காலைத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி, கையைக் காதோடு ஒட்டி நேரே மேலே கொண்டுபோய் வீசினான். பேப்பர் கிழிந்ததே சத்தமாகக் கேட்கவில்லை. சின்னதாக, சுத்தமாக, பந்து சைஸில் ஒரு ஓட்டை. பின்னால் கிளவுஸோடு உட்கார்ந்திருந்தவன் கையை உதறிக்கொண்டான்.

டேப் பிடித்தேன். 1610.

ஐந்து பந்து போட்டான். ஐந்து ஓட்டையும் ஒரு டீ சாஸர் வட்டத்துக்குள் அடங்கின. நல்ல பீஸைவிடக் கெட்ட பீஸ் முந்நூற்று எழுபது மில்லிமீட்டர் உயரம்.

உத்திரத்தைப் பற்றி நந்தினி மூலம் கோபால் சாரிடம் சொன்னேன். அவர் அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “சார், ஒயரம் நல்லதுதானாம். ஒயரமான ஆள் போட்டா பந்து மேலேர்ந்து எறங்கி வருமாம். காலை நீளமா எடுத்து வைக்கறதால, அடிக்கறவருக்கு இன்னும் கிட்டக்கப் போய் விடலாமாம். அடிக்க டைமே கெடைக்காதாம். ஆனா ராஜசேகர் சார் தன் ஒயரத்தை ஸ்டோர்ஸ்லயே வெச்சுட்டு வந்துடறாராம்.”

ராஜசேகர் கைதட்டினார். விடுதலை கிடைத்த சந்தோஷம்.

7. ஏன், ஏன், ஏன்

ஜப்பான்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தப்பு நடந்தால் திட்ட மாட்டார்கள். ‘ஏன்?’ என்பார்கள். பதில் சொன்னால் அதற்கும் ‘ஏன்?’ திட்டினால்கூடத் தேவலை என்று ஆகிவிடும். அங்கேயே, மண்மேட்டின் மேலேயே, நந்தினியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

யேசுதாஸ் ஏன் என்.ஜி.? உயரம் குறைவு சார். ஏன் உயரம் பார்த்தீர்கள்? ஸ்பெக்கில் இருக்கிறது சார். ஸ்பெக்கில் ஏன் போட்டீர்கள்? மீட்டிங் மினிட்ஸில் இருந்தது சார். மினிட்ஸில் ஏன் வந்தது?

பத்மநாபன் முன்னே வந்தார். “நீங்கதானே சார் சொன்னீங்க? ஹை, ஹைன்னு. அஞ்சு தரம். நான் எண்ணினேன்.”

நந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“சார், ஜப்பான் மொழியில ‘ஹை’ன்னா ‘சரி’ன்னு அர்த்தம். சில சமயம் ‘சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்’ அப்படின்னு மட்டும்தான் அர்த்தம். ஒயரம் இல்ல சார்.”

அவள் கோபால் சாரிடம் விளக்கினாள். அன்றைக்கு பத்மநாபன் பேசியதில் அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லையாம். மரியாதைக்குத் தலையாட்டினாராம். விஷயம் விளங்கியதும் கோபால் சார் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அப்படியே எங்கள் இருவருக்கும் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பத்மநாபன் பதறிப்போய்த் தானும் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்த நிமிஷத்தில் மண்மேட்டில் நிமிர்ந்து நின்றவன் யேசுதாஸ் ஒருத்தன்தான்.

மணி மூன்று இருபது. பத்மநாபன் நிமிர்ந்ததும் பழைய பத்மநாபன் ஆகிவிட்டார்.

“எல்லாம் சரி. ஆனா ரிஜிஸ்டர்ல என்.ஜி. ஏறியிருக்கு. மாத்தணும்னா எம்.டி. போட்ட ரூல்படி, எழுதினதை மாத்தறதுக்குன்னு இருக்கற டீவியேஷன் ஃபாரம் வேணும். அதுல ‘இன்ஸ்பெக்டர் தவறு’ங்கற எடத்துல கஜேந்திரன் கையெழுத்துப் போடணும். போடுவீங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே இருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். முப்பது வருஷத்தில் அந்த இடத்தில் என் பெயர் வந்ததில்லை. ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் எங்கள் ஆட்களே அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் இருந்தது. தப்பே செய்யாத ஆள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசைப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

யேசுதாஸ் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். “வுடுங்க சார்” என்றான். “எனுக்காகப் போயி... ஒங்க பேரு கெட்டுப்பூடும்.”

சட்டையில் பெயரே இல்லாதவன் என் பெயருக்குக் கவலைப்பட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் பித்தானில் டேக் கட்டியபோது வந்திருக்க வேண்டிய அவமானம், ஒரு வாரம் தாமதமாக வந்தது.

ஃபாரத்தை வாங்கினேன். தவறு என்ன என்ற இடத்தில், ‘அளக்க வேண்டியது கை, அளந்தது தலை’ என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா நடுவில் மக்கர் செய்தது. ராஜசேகர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். மூன்று ஐம்பதுக்கு லிஸ்ட் போனது. பிச்சர்: யேசுதாஸ். ரோல் நம்பரோடு.

8. வேலப்பன்சாவடி

மேட்ச் வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் கிரவுண்டில் நடந்தது. யேசுதாஸின் மனைவியும் மகளும் அவர்கள் தெருவிலிருந்து இன்னும் எட்டுப் பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எதிர் டீம் பிச்சர் ஆறடிக்கு மேல். யேசுதாஸ் மேட்டில் ஏறியதும் அவர்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. முதல் மூன்று பேர் பேட்டைச் சுழற்றிவிட்டுப் பந்தைத் தொடாமலே திரும்பிப் போன பிறகு சிரிப்பு நின்றது. அவர்கள் மேலிருந்து இறங்கும் பந்துக்குப் பழகியவர்கள். இவன் பந்து தாழ்விலிருந்து கிளம்பி, இறங்காமல் மட்டமாக வந்தது. அவர்கள் பேட் எப்போதும் அதற்கு ஓரங்குலம் கீழே போனது.

அதாவது குள்ளமாக இருந்ததும் அன்றைக்கு உதவியது. இதை நான் எந்த ஸ்பெக்கிலும் எழுதியிருக்க மாட்டேன்.

ராஜசேகரை கோபால் சார், அடித்தவன் ஓடி வந்து தொட வேண்டிய முதல் பேஸில் நிறுத்தினார். ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொண்டு, வரும் பந்தை எட்டிப் பிடிக்கும் வேலை. குனியவே வேண்டாம், கை நீளம் போதும். ஆறு பந்து பிடித்தார். பந்துக்குப் பயந்த மனுஷர் கடைசியில் யாராவது தன் பக்கம் பந்து போட மாட்டார்களா என்று கையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ரன்னில் தோற்றோம். பந்து போடுகிறவனை அளப்பதிலேயே நாளெல்லாம் போய்விட்டதால், பந்தை அடிப்பது எப்படி என்று யாரும் பழகியிருக்கவில்லை.

9. திங்கட்கிழமை

எங்கள் தொழிலில் உயரம் அளக்கும் ஹைட் கேஜைக் கையில் எடுத்தால் முதல் வேலை ஜீரோ செட் செய்வது, அளவு தொடங்கும் இடத்தை முடிவு செய்வது. எங்கே ஜீரோ, எந்தப் பக்கத்தை அளக்கிறோம் என்று தெரியாமல் எடுக்கிற அளவு, எத்தனை புள்ளி சுத்தமாக இருந்தாலும் குப்பை. டிரெயினிங்கில் நூறு பேருக்காவது இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தவன்தான் ஒரு மனுஷன் தலையில் ஸ்கேலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். அதனால் தம்பிகளே, தங்கைகளே, ஸ்பெக் உங்கள் கைக்கு வந்தால் அதை எழுதியவரிடம் ஏன் என்று ஒரு தரம் கேளுங்கள். எழுதியவர் நீங்களாகவே இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள்.

மேட்சுக்கு அடுத்த திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து கேட்டில் நின்றிருந்தேன். யேசுதாஸ் நீலச் சட்டையில் வந்தான். ஸ்டோர்ஸில் அப்போது இருந்தது ஒரே ஒரு சைஸ்தான், ராஜசேகர் சைஸ். தோள் தையல் முழங்கையில் தொங்கியது. கீழ் மடிப்பு முழங்காலைத் தொட்டது. பாக்கெட் தொப்புளுக்கு இறங்கியிருந்தது. அதற்கு மேலே புது நூலில் அவன் பெயர்.

“என்னப்பா இது? சைஸ் மொத்தமா என்.ஜி.யா இருக்கே” என்றேன்.

அவன் குனிந்து பார்த்துக்கொண்டான். பெயர் மேல் ஒரு விரலை வைத்தான்.

“ஜீரோவ இங்க வெச்சி அளங்க சார். கரெக்டா கீது.”

என்னிடம் டேப் இருந்தது. எடுக்கவில்லை. பையிலிருந்து பச்சை டேக் ஒன்றை எடுத்து, ஓ.கே. என்று எழுதி, அந்தச் சட்டைப் பித்தானில் நானே கட்டிவிட்டேன். அதைக் கழற்றாமல் ஆவடி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டான்.